ஜெகதீஸ்வரி ஏறிய வெள்ளை வான்

கொழும்பின் நீதிமன்றப் பகுதியான புதுக்கடையில் சட்டத்தரணி தில்லைநாதனின் அலுவலகத்தில் ஜெகதீஸ்வரி பதினெட்டு வருஷம் தட்டச்சு வேலை பார்த்தாள். எதிரே இருப்பவர் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு போவாள். சொல்பவர் அழுதாலும் கை நிற்காது, தலை நிமிராது. கல்லு மனுஷி என்று பக்கத்து அலுவலகக்காரர் சொல்வார்கள். அழுகிற முகத்தைப் பார்த்தால் திகதியில் பிழை விடுவேன் என்று அவளுக்குப் பயம். அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

முதலில் காணி வழக்குகள், விவாகரத்துகள், வீட்டு வாடகைத் தகராறுகள் என்றுதான் வேலை இருந்தது. 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து வேறு ஆட்கள் மாடிப்படி ஏறி வரத் தொடங்கினார்கள். கையில் ஒரு புகைப்படம், பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு, அடையாள அட்டையின் பிரதி. மகனை, கணவனை, தம்பியைக் காணவில்லை. ஆட்கொணர்வு மனு போட வேண்டும். அதற்கு முதலில் சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து கையெழுத்து வைக்கும் வாக்குமூலம், தேவை. தில்லைநாதன் சேர் பெரும்பாலும் நீதிமன்றத்தில் நிற்பார் என்பதால், நடந்ததைக் கேட்டு அடித்து வைப்பது ஜெகதீஸ்வரியின் பொறுப்பு. 'இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வானில் வந்த இனந்தெரியாத நபர்கள்' என்ற வரியை அவள் எத்தனை தரம் அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த இடம் வந்ததும் விரல்கள் தாமாகவே ஓடும்.

அவள் கலியாணம் செய்யவில்லை. கொக்குவிலிலிருந்து இருபத்தேழு வயதில் கொழும்புக்கு வந்தவள், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பென்ஷன்காரத் தம்பதியின் மாடி வீட்டில் அறை எடுத்திருந்தாள். காலையில் நூற்றியோராம் இலக்க பஸ், பின்னேரம் அதே பஸ். இடையில் சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, திரும்ப ஏற வேண்டும். வீட்டில் இருக்கும்போது ஒழுங்கைக்குள் ஒரு வான் வந்து நின்று, கதவு இழுபடும் சத்தம் கேட்டால் அவள் அப்படியே நின்றுவிடுவாள். அதன் பிறகு, அது பள்ளிக்கூட வான்தான் என்று காட்டும் பிள்ளைகளின் குரல் கேட்க வேண்டும். கேட்டால்தான் மூச்சு வரும்.

2007 பெப்ரவரியில் மெற்றில்டா வந்தாள். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி. முப்பத்தொரு வயது. அவளுடைய கணவன் நோபேட் அங்கே றேடியோ, டீவி திருத்தும் சிறிய கடை வைத்திருந்தான். மூன்று கிழமைக்கு முன்பு, திங்கட்கிழமை பின்னேரம், கடையைப் பூட்டும் நேரத்தில் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துப்போக வந்த மெற்றில்டா எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

ஜெகதீஸ்வரி ஆறு பந்திகள் அடித்து முடித்திருந்தாள். அப்போதுதான் மெற்றில்டா சொன்னாள்.

"மிஸ், வேன் கதவப் புடிச்சிக்கிட்டு நின்னவன எனக்குத் தெரியும்."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அவன் நம்ம கடைக்கு வந்தவன். ஒரு பெரிய ரேடியோ கொண்டாந்து குடுத்தான், இவரப் புடிச்சிட்டுப் போறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முந்தி. ஸ்டூல்ல குந்திக்கிட்டு ஒரு மணித்தியாலம் இவரோட கிரிக்கெட் கதைச்சான். நல்ல தமிழ்ல கதைச்சான் மிஸ். இடது புருவத்துல வெட்டுக் காயம் இருக்கு. ரேடியோ இன்னும் கடையிலதான் கெடக்கு. ரசீதுத் துண்டோட அடிக்கட்டையில பேரும் போன் நம்பரும் எழுதிக் குடுத்திருக்கான்."

அடிக்கிற ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் ஜெகதீஸ்வரியின் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். அது அலுவலக வழக்கம். அவள் அந்த இரண்டு எழுத்துகளையும் நினைத்தாள். இந்தப் பத்திரத்தின் பிரதி எங்கெங்கே போகும், யார் யார் கையில் விரியும் என்று நினைத்தாள். போன மாதம் இன்னொரு சட்டத்தரணியின் வீட்டு வாசலில் யாரோ வந்து நின்றுவிட்டுப் போன கதை நினைவுக்கு வந்தது. தன்னுடைய ஒழுங்கையின் அகலம் நினைவுக்கு வந்தது.

"அந்த அடிக்கட்டையை வீட்டில பத்திரமா வையுங்கோ" என்றாள்.

பிறகு விரல்களை மறுபடி அசைத்தாள். ஏழாம் பந்தியாக, கணவனைத் தேடி எந்தெந்த இடங்களுக்குப் போனேன் என்பதை அடித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அந்தப் பத்திரத்தில் எங்கும் இல்லை.

மெற்றில்டாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாம் போட்டுட்டீங்களா மிஸ்? அவனப் பத்தியும்?"

"ஓம். எல்லாம் இருக்கு. இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

மெற்றில்டா பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். மனுவுடன் இணைக்க ஒரு படம் கொண்டுவந்திருந்தாள். கலியாணப் படத்தை நடுவால் வெட்டியிருந்தாள். சாம்பல் நிறக் கோட்டும் நெஞ்சில் ஒரு பூவுமாக நோபேட் நின்றான். அவனுடைய முழங்கையைப் பிடித்தபடி வெள்ளைக் கையுறை போட்ட கை ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது.

சேர் பின்னேரம் வந்து வாசித்தார், சரி என்றார், மனு போனது. அதன் பிறகு வழக்கின் ஒவ்வொரு தவணைத் திகதிக்கும் மெற்றில்டா வந்தாள். தவணை தள்ளிப்போகும். போகும்போது ஜெகதீஸ்வரியின் மேசைக்கு வந்து, "போயிட்டு வாறேன் மிஸ்" என்பாள். ஒருமுறை வாழைப்பழச் சீப்பு ஒன்று கொண்டுவந்து வைத்தாள். அதை ஜெகதீஸ்வரியால் தின்ன முடியவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. நித்திரை குறைந்தது. காரணம் கேட்டவர்களுக்குக் கடல் இரைச்சல் என்றாள்.

அவளுடைய தம்பி சிவபாலன் அவுஸ்திரேலியாவில் அடிலெயிட் நகரத்தில் இருந்தான். மனைவி அருந்ததி அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. "அக்கா, ஒருக்கா வந்து நிண்டிட்டுப் போங்கோ" என்று அவன் வருஷக்கணக்காகக் கேட்டான். 2008 மார்ச்சில் விசா கிடைத்தது. சேர் ஆறு கிழமை லீவு கொடுத்தார்.

அடிலெயிட்டில் முதல் கிழமை முழுவதும் அவள் வீட்டுக்கு வெளியே போகும்போது அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இஞ்ச ஒருத்தரும் கேக்கமாட்டினம் மச்சாள்" என்று அருந்ததி மெல்லச் சொன்னாள். அட்டை கைப்பைக்குள் போனது. ஆனால் கை பைக்குள்ளேயே இருந்தது.

இரண்டாம் கிழமை சிவபாலன் உற்சாகமாக வந்தான்.

"அக்கா, மெல்பேர்ணுக்குப் போவம். பிளேனில இல்லை, றோட்டால. ஹோட்டல் செலவும் இல்லை. ஒரு கேம்பர்வான் வாடகைக்கு எடுத்தால் அதுக்குள்ளேயே சமையல், அதுக்குள்ளேயே படுக்கை. நாலு நாள். கரையால போறது. நீங்கள் வாழ்க்கையில இப்பிடி ஒரு இடம் பாத்திருக்கமாட்டியள்."

ஜெகதீஸ்வரிக்கு கேம்பர்வான் என்றால் என்னவென்று தெரியாது. பஸ் போல ஏதோ ஒன்று என்று நினைத்தாள். சரியென்று தலையாட்டினாள்.

வாடகைக்கு விடும் இடம் நகரத்துக்கு வெளியே, தகரக் கொட்டகை ஒன்று. இருப்பதில் மலிவானதையே தம்பி எடுத்திருந்தான். கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் அதை ஓட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினான்.

பழைய ஹையேஸ் வான். வெள்ளை நிறம். பின்பக்கக் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் திரை போட்டிருந்தது.

அந்த ஆள் பக்கக் கதவைப் பிடித்து இழுத்தான். அது கொஞ்சம் இறுகிக் கிடந்தது. இரண்டாம் முறை பலமாக இழுத்தபோது தண்டவாளத்தில் கரகரவென்று ஓடிப் போய் முட்டியது. உள்ளே மெத்தைகள், மடக்கும் மேசை, சின்னக் காஸ் அடுப்பு எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துக் காட்டினான்.

"என்னக்கா நிக்கிறியள்? ஏறுங்கோ."

"நான் முன்னுக்கு இருக்கிறன்."

"பின்னுக்கு வசதியா இருக்கலாம். காலை நீட்டலாம்."

"முன்னுக்கு இருக்கிறன் பாலன். எனக்குத் தலை சுத்தும்."

அருந்ததி பின்னால் ஏறிக்கொண்டாள். வான் புறப்பட்டது. மலைகள் தாண்டி, மரே நதியின் நீண்ட பாலம் தாண்டி, வெளிறிய புல்வெளிகளுக்கு நடுவே றோட்டு நேராகப் போனது. தம்பி செம்மறியாடுகளைக் காட்டினான், கோதுமைக் களஞ்சியங்களைக் காட்டினான். ஜெகதீஸ்வரி முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் பின்னால் அருந்ததி மட்டும் இருக்கவில்லை. புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே ஜெகதீஸ்வரிக்கு அது தெரிந்துவிட்டது. பின் இருக்கைக்கு முன்னால், மேசைக்குக் கீழே, ஓர் ஆள் முழங்கால்களுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். சாம்பல் நிறக் கோட்டு. நோபேட்டைக் கொண்டுபோனபோது அவன் மண்ணிற அரைக்கைச் சட்டை போட்டிருந்தான். சத்தியக்கடதாசியில் அப்படித்தான் இருக்கிறது, அவளே அடித்தாள். ஆனாலும் அவள் அவனைப் பார்த்தது அந்தப் படத்தில் மட்டும்தானே. அவளுக்குத் தெரிந்த உடுப்பில்தான் அவன் வந்திருந்தான்.

அருந்ததி தண்ணீர்ப் போத்தலை நீட்டியபோது ஜெகதீஸ்வரி திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் கொடுத்து வாங்கினாள்.

முதல் நாள் மெனிங்கி என்ற சிறிய ஊரில் ஏரிக்கரையில் தங்கினார்கள். அக்கா வசதியாகப் படுக்கட்டும் என்று தம்பி ஒரு கூடாரமும் கொண்டுவந்திருந்தான். தானும் மனைவியும் கூடாரத்தில், அக்கா வானுக்குள் மெத்தையில் என்று அவன் ஏற்பாடு.

"நான் கூடாரத்தில படுக்கிறன்."

"அக்கா, குளிரும். நிலம் ஈரம். நாற்பத்தொம்பது வயசில என்ன விளையாட்டு இது?"

"எனக்குக் காத்து வேணும்."

அவன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு கம்பளியையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் வானுக்குள் போனார்கள். உள்ளிருந்து கதவு இழுபட்ட சத்தம் கேட்டபோது அவள் கூடாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்தாள். பள்ளிப் பிள்ளைகளின் குரல் வரவில்லை. விடியும்வரை அப்படியே இருந்தாள். காலையில் ஏரியில் கூழைக்கடாக்கள் பெரிய கப்பல்கள் மாதிரி மிதந்து வந்தன. தம்பி படமெடுத்தான். அந்தப் படத்தில் ஜெகதீஸ்வரியின் கண்கள் வீங்கியிருக்கும்.

இரண்டாம் நாள் மத்தியானம் கிங்ஸ்டன் என்ற ஊரை அடைந்தார்கள். வாசலிலேயே வீட்டுயரத்துக்குச் சிவப்பாக ஒரு சிங்கிறால் சிலை நின்றது. அதைப் பார்த்து அருந்ததி சிரித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கடற்கரைப் பக்கமாக வானை நிறுத்தினார்கள். சோறும் பருப்பும் சமைக்க வேண்டும். வெளியே நிற்க முடியாது.

"எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ. கதவைப் பூட்டினால் குளிராது."

தப்ப வழியில்லை. ஜெகதீஸ்வரி பின்னால் ஏறி, கதவுக்குப் பக்கத்தில் விளிம்பில் உட்கார்ந்தாள். சிவபாலன் வெளியே கைவிட்டுக் கைபிடியைப் பற்றி, பலமாக இழுத்தான். கதவு கரகரத்து வந்து முட்டிப் பூட்டிக்கொண்டது. உள்ளே இருட்டானது.

'எல்லாம் போட்டுட்டீங்களா மிஸ்? அவனப் பத்தியும்?'

அருந்ததியின் குரல் இல்லை அது. ஜெகதீஸ்வரி கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. கதவைக் கைகளால் அடித்தாள். கைபிடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் கண்ணாடியில் நகத்தால் கீறினாள். சிவபாலன் கதவைத் திறந்ததும் மழைக்குள் குதித்து, மணலில் முழங்கால் குத்தி விழுந்தாள். மூன்று பேரும் நனைந்தார்கள்.

பக்கத்தில் ஒரு பொது மண்டபம் போன்ற தகரக் கூரை இருந்தது. அதன் கீழ் மர வாங்கில் உட்கார வைத்து, துவாயால் தலையைத் துடைத்துவிட்டாள் அருந்ததி. பிறகு ஜெகதீஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு பந்தியும் விடாமல் சொன்னாள்.

சிவபாலன் கேட்டு முடித்துவிட்டு, "இதுக்கா இவ்வளவும்?" என்றான். "நீங்கள் செய்தது பிழையில்லை அக்கா. உங்கட உயிரைப் பாத்தியள். நான் எண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். ஆரெண்டாலும்."

"நீ செய்திருப்பாய் எண்டு அவவிட்ட போய்ச் சொல்லட்டே?"

அவன் எழுந்து நடந்தான். திரும்பி வந்தான். "சரி, சொல்லிப்போடுறன். மெல்பேர்ணில எனக்கொரு சிநேகிதன் இருக்கிறான், இமிகிறேஷன் அலுவல் பாக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை அவன்ர வீட்டில உங்களைப் பற்றிக் கதைக்கத்தான் இந்தப் பயணமே. நீங்கள் திரும்பிப் போகத் தேவையில்லை. இஞ்ச நிக்கலாம். அந்தச் சத்தியக்கடதாசியெல்லாம் அடிச்ச ஆள் எண்டால் உங்களுக்குக் கட்டாயம் அகதி விசா குடுப்பாங்கள்."

"அதைச் சொல்லியோ நான் இஞ்ச நிக்கிறது?" என்றாள் ஜெகதீஸ்வரி. "அந்தச் சனத்தின்ர கதையைச் சொல்லியோ?"

"போனால் உங்களையும் ஏத்துவாங்கள் அக்கா!"

அவன் கத்தியது மழைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. தூரத்தில் நாயோடு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்தார். சோறு சமைக்கவில்லை. பாணும் சீஸும் தின்றார்கள். அன்றைக்கு ஒரு மலிவு விடுதியில் அறை எடுத்தான் தம்பி.

மூன்றாம் நாள் மவுண்ட் கம்பியரில் நீல ஏரியைப் பார்க்க நிறுத்தினார்கள். எரிமலை வாய்க்குள் கிடக்கும் ஏரி. கோடையில் கடும் நீலம், குளிர்காலத்தில் சாம்பல் என்று பலகையில் எழுதியிருந்தது. அவர்கள் போனபோது இரண்டுக்கும் நடுவில் கிடந்தது. சிவபாலன் வானிலேயே இருந்துகொண்டான். கம்பி வேலிக்குப் பக்கத்தில் அருந்ததி மெதுவாகக் கேட்டாள்.

"மச்சாள், அந்தப் பிள்ளைக்கு இப்பவும் எல்லாம் எழுதியிருக்கெண்டுதான் நினைப்போ?"

"ஓம்."

"அப்ப கோர்ட்டுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சும் ஒண்டும் செய்யேல்லை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருப்பா."

ஜெகதீஸ்வரி அதை அதுவரை அந்தப் பக்கத்திலிருந்து யோசித்திருக்கவில்லை.

நாலாம் நாள் வார்ணம்பூல் என்ற ஊரிலிருந்து புறப்படும்போது அவள் வானின் முன்கதவுக்குப் போகவில்லை. பக்கக் கதவைத் தானே இழுத்தாள். பாதியில் இறுகியது. தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தாள்.

"அருந்ததி, நீங்கள் முன்னுக்கு இருங்கோ. எனக்கு அந்த மேசை வேணும்."

தம்பி கதவைச் சாத்தினான். இம்முறை மெதுவாக, சத்தம் வராமல் சாத்தப் பார்த்தான். ஆனாலும் சத்தம் வந்தது.

கடலோரமாக, வளைந்து வளைந்து போகும் புகழ்பெற்ற அந்தப் பாதை முழுவதும் ஜெகதீஸ்வரி குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் பெரிய கல்தூண்களை அவள் பார்க்கவில்லை. கொப்பித் தாளில், தமிழில், மெற்றில்டா சொன்ன சொற்களிலேயே எழுதினாள். புருவம், காயம், ஸ்டூல், கிரிக்கெட், றேடியோ, துண்டு. எழுதும்போது சாம்பல் நிறக் கோட்டுக்காரன் காலடியிலேயே இருந்தான். அவள் முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள். எழுதி முடிந்ததும் அவன் போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் போகவில்லை. மெல்பேர்ணில் வானைத் திருப்பிக் கொடுக்கும்வரை இருந்தான்.

சிநேகிதனின் வீட்டில் தேத்தண்ணி குடித்தாள், கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள், அகதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை. விமான நிலையத்தில் சிவபாலன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

கொழும்பில் மே மாதம் வெயில் கொதித்தது. பஸ் ஒன்றில் குண்டு வெடித்து ஊர் இறுகிப்போய்க் கிடந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அவள் தாளைச் சேரின் மேசையில் வைத்தாள். தில்லைநாதன் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு வருஷத்துக்குப் பிறகு இப்ப ஏன் சொல்லுறா எண்டு கேட்பினம்."

"அவ அப்பவே சொன்னவ. நான் அடிக்கேல்லை. அதை நானே சத்தியக்கடதாசியாத் தாறன் சேர்."

"உம்மட பேரில?"

"என்ர பேரில."

அவர் யன்னலைப் பார்த்தார். "முதலில அந்தப் பிள்ளையிட்டப் போய்ச் சொல்லும். அவ ஓமெண்டால் மற்றதைப் பாப்பம்."

ஜம்பட்டா வீதிக் கடை பாதி திறந்திருந்தது. மெற்றில்டா இப்போது அங்கே தையல் மெஷின் போட்டிருந்தாள். பின்னால் தட்டில் திருத்தாத டீவிப் பெட்டிகள் அப்படியே இருந்தன. ஜெகதீஸ்வரியைக் கண்டதும் எழுந்து, "வாங்க மிஸ், எப்ப வந்தீங்க?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஜெகதீஸ்வரி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

மெற்றில்டா மெஷினில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அதுல அவனே இல்லையா?"

"இல்லை."

"அவன் வந்தான் மிஸ்."

"ஆர்?"

"அவன்தான். போன வருஷம், சந்தாலூசியா கோயில் திருநாளுக்கு முந்தின நாள். பகல் பதினொரு மணிக்கு. துண்டக் காட்டி ரேடியோவக் கேட்டான். கத்தலாமான்னு நினைச்சேன். பொறகு நினைச்சேன், கோர்ட்ல இவனப் பத்தி எல்லாம் எழுதிக் குடுத்திருக்கு. ஜட்ஜுக்குத் தெரியும். தெரிஞ்சும் இவன் ரோட்ல நடக்கிறான்னா, நான் யாருக்கிட்டக் கத்துறது? ரேடியோவத் தொடச்சு எடுத்துக் குடுத்தேன். 'புருஷன் இல்லையா?' ன்னு கேட்டான். 'இல்ல' ன்னேன். போயிட்டான்."

தெருவில் மாட்டிறைச்சி வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"நீங்க போங்க" என்றாள் மெற்றில்டா. மிஸ் என்று சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவள் தானாகவே புதுக்கடைக்கு வந்தாள். நேரே சேரின் அறைக்குப் போய், தமிழில் எழுதி, தனக்கு வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து வைப்பேன் என்றாள். றேடியோவுக்குக் கொடுத்த துண்டின் அடிக்கட்டையும் கொண்டுவந்திருந்தாள். சேர் வாசிக்க, அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். அதே நாள் ஜெகதீஸ்வரியும் தன்னுடையதில் கையெழுத்து வைத்தாள். 'கூறப்பட்ட விடயத்தை நான் அறிந்தே, அச்சத்தினால், தட்டச்சு செய்யாமல் விட்டேன்' என்று அதில் இருந்தது. அந்தப் பத்திரத்தின் அடியிலும் அவளுடைய முதலெழுத்துகள் இருந்தன.

அதன் பிறகு அலுவலகத்துக்கு மூன்று தரம் தொலைபேசி வந்தது. எடுத்தால் பேச்சில்லை. வெள்ளவத்தை வீட்டுக்கார ஐயா, "பிள்ளை, நாங்கள் வயசுபோன ஆக்கள்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் கல்கிசையில் ஒரு விதவை ஆசிரியையின் வீட்டுக்கு மாறினாள். சேர் அவளை நிறுத்தவில்லை, ஆனால் வாக்குமூலம் கேட்கும் வேலையை எடுத்துவிட்டார். அவர் சொல்வதை மட்டும் அடித்தாள். அது நியாயம் என்றே அவளுக்குப் பட்டது.

அடிக்கட்டையிலிருந்த பெயரில் ஒருவரும் இல்லை. தொலைபேசி இலக்கம் நுகேகொடையில் ஒரு பெண்ணுடையது, அவளுடைய போன் பஸ்ஸில் தொலைந்துபோய் இரண்டு வருஷம். புருவத்தில் காயமுள்ளவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிக்கை வந்தது. யுத்தம் முடிந்தது, தெருவில் வெடி கொளுத்தினார்கள், வழக்கு மட்டும் தவணை தவணையாக இழுபட்டது. நோபேட் வரவில்லை.

அந்தத் தவணைகளுக்கெல்லாம் ஜெகதீஸ்வரி சாட்சியாக வர வேண்டியிருந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் விறாந்தையில் ஒரே வாங்குதான். மெற்றில்டா தன் கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவாள். இரண்டு வருஷம் அவர்கள் கதைக்கவில்லை.

2010இல், மனு போதிய சாட்சியமில்லை என்று முடிந்துபோன நாளில்தான் மெற்றில்டா பேசினாள். இருவரும் வெளியே பஸ் தரிப்பிடத்தில் வெயிலில் நின்றார்கள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நான் உங்களுக்குப் பழம் கொண்டாந்து குடுத்துக்கிட்டே இருந்திருப்பேன். ஏன் சொன்னீங்க?"

ஜெகதீஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு அநியாயம் செய்த மற்ற ஆக்கள் ஒருத்தரும் வந்து சொல்லமாட்டினம். நான் ஒராள்தான் வரக்கூடிய இடத்தில இருந்தனான்."

மெற்றில்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமா வேறேதுமா என்று ஜெகதீஸ்வரியால் சொல்ல முடியவில்லை. கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. மெற்றில்டா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறினாள். உள்ளே போய் யன்னலோரம் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பஸ் வளைவில் திரும்பும்வரை ஜெகதீஸ்வரி நின்றாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தாள். அன்றைக்கு அடிக்க வேண்டியது இன்னும் மிச்சமிருந்தது.